லாரி கவிழ்ந்து ஆற்றில் எரிபொருள் கலந்தால்: செய்ய வேண்டியவை, செய்ய வேண்டிய வரிசையில்

பாலத்திலோ ஆற்றை ஒட்டிய சாலையிலோ ஒரு லாரி கவிழ்ந்து, அதன் டீசலோ அது ஏற்றிவந்த பெட்ரோலோ ஆற்றில் இறங்கத் தொடங்கிய பிறகு, அங்கே வந்து சேரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு ஓடி, அதை அங்கேயே பிடிக்க முயல்கிறார்கள். கயிறு கட்டி முடிப்பதற்குள் எண்ணெய் அவர்களைக் கடந்து போயிருக்கும்; அடுத்த வளைவுக்கு ஓடுவார்கள்; அங்கேயும் அதுவே நடக்கும். இந்த வேலையில் ஆள்களை இரண்டே இடங்களுக்கு அனுப்ப வேண்டும். ஒன்று, கசிவு தொடங்கும் இடம். மற்றொன்று, எண்ணெய் இன்னும் வந்து சேராத இடம். இடைப்பட்ட தூரத்தை முதல் சில மணி நேரத்துக்கு மறந்துவிடலாம்.

கீழே உள்ளவை தீயணைப்புத் துறைக்கும் சுற்றுச்சூழல் அதிகாரிகளுக்கும் மாற்றாக எழுதப்பட்டவை அல்ல. அவர்கள் வருவதற்கு முன்பும், வந்த பிறகு அவர்களின் சொற்படியும் வேலை செய்யப்போகும் உள்ளாட்சிப் பணியாளர்கள், போக்குவரத்து நிறுவனங்களின் பாதுகாப்புக் குழுக்கள், ஆற்றங்கரை ஊர்களின் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டவை.

1. விபத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

பொருள்களின் பட்டியலைவிட ஒரு வரைபடம் முக்கியம். உங்கள் பொறுப்பில் உள்ள ஆற்றுப் பகுதியில் எந்தெந்த இடங்களில் வண்டி கரைவரை போக முடியும், எங்கே நீர் மெதுவாக ஓடுகிறது, குடிநீர் எடுக்கும் இடங்களும் பாசன மதகுகளும் மீன் பண்ணைகளும் எங்கே உள்ளன என்பதை வறண்ட காலத்தில் ஒரு முறையும் நீர் மிகுந்த காலத்தில் ஒரு முறையும் நடந்து பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இரவில், மழையில், தொலைபேசி வெளிச்சத்தில் இந்த இடங்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பொருள்களில் முதலாவது, பூம் என்று அழைக்கப்படும் மிதவைத் தடுப்பு: மேலே மிதக்கும் உருளையும், அதற்குக் கீழே நீருக்குள் தொங்கும் திரையும் (தொங்கல்), அடியில் கனமான சங்கிலியும் கொண்டது. வேகமான ஆற்றுக்குத் தொங்கல் குட்டையாக, 15 சென்டிமீட்டர் அளவில் இருப்பதே நல்லது. ஆழமான தொங்கல் அதிக எண்ணெயைப் பிடிக்கும் என்று எண்ணிக் கடலுக்கான தடுப்பை வாங்கிவைப்பவர்கள் உண்டு. ஆற்றில் அது நீரின் முழு விசையையும் வாங்கிக்கொண்டு கவிழ்ந்துவிடும்.

இரண்டாவது, எண்ணெயை மட்டும் உறிஞ்சும் வெள்ளைப் பாலிபுரொப்பிலீன் விரிப்புகள். சாம்பல் நிறத்தில் விற்கப்படுபவை பொதுவாக எல்லாத் திரவத்தையும் உறிஞ்சுபவை. ஆற்றில் போட்டால் அவை நீரைக் குடித்து மூழ்கும். இவை தவிர எரிவாயு அளவி (காற்றிலுள்ள தீப்பற்றும் ஆவியை அளக்கும் கருவி), ஆளுக்கொரு மிதவைச் சட்டை, எறிகயிறு, மரமுளைகள், சம்மட்டி, மண்வெட்டி, காலி மணல் மூட்டைகள், தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, மரச் செருகுகள், ஓட்டை அடைக்கும் களிம்பு, மூடியுள்ள பீப்பாய்கள், கண்ணாடி மாதிரிப் புட்டிகள் ஆகியவை ஒரே வண்டியில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பாதி இங்கேயும் பாதி அலுவலகப் பூட்டுக்குள்ளும் இருந்தால், இல்லாததற்குச் சமம்.

2. எந்த எரிபொருள் என்று தெரியாமல் அருகே போகாதீர்கள்

காற்று வீசும் திசையைப் பார்த்து, காற்று உங்கள் முதுகில் படும்படி, மேட்டுப் பகுதியிலிருந்து அணுகுங்கள். எல்லாத் திசைகளிலும் குறைந்தது 50 மீட்டர் தூரத்துக்கு மக்களை விலக்குங்கள். பெரிய டேங்கர் கசிவானால் காற்று போகும் திசையில் 300 மீட்டர் வரையும், டேங்கரில் தீப்பற்றியிருந்தால் எல்லாப் பக்கமும் 800 மீட்டர் வரையும் விலக்குவது வழக்கம்.

டேங்கரின் அபாயப் பலகையில் உள்ள நான்கு இலக்க எண்ணைத் தூரத்திலிருந்தே, தேவைப்பட்டால் இருகண் நோக்கியாலோ கேமராவாலோ, படியுங்கள். 1203 என்றால் பெட்ரோல். 1202 என்றால் டீசல் (வட அமெரிக்காவில் டீசலுக்கு 1993 என்ற எண்ணும் இருக்கும்). 1223 என்றால் மண்ணெண்ணெய். 3475 என்றால் எத்தனால் 10 விழுக்காட்டுக்கு மேல் கலந்த பெட்ரோல். சாதாரணச் சரக்கு லாரியின் சொந்த எரிபொருள் தொட்டிக்கு இத்தகைய பலகை இருக்காது. ஓட்டுநரைத்தான் கேட்க வேண்டும்.

இந்த ஒரு தகவல் பிறகு வரும் எல்லா முடிவுகளையும் மாற்றிவிடும். டீசலின் தீப்பற்று வெப்பநிலை (பொறி பட்டால் அதன் ஆவி தீப்பற்றக்கூடிய குறைந்த வெப்பநிலை) 50 டிகிரி செல்சியசுக்கு மேல். ஆகவே அதை நீர்ப்பரப்பில் தேக்கிவைத்து எடுப்பது பெரும்பாலும் பாதுகாப்பானது. பெட்ரோலுக்கு அந்த வெப்பநிலை சுழியத்துக்கும் ஏறத்தாழ 40 டிகிரி கீழே இருக்கிறது. அதாவது, எந்தத் தட்பவெப்பத்திலும் அது தீப்பற்றத் தயாராகவே இருக்கும். அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் பள்ளத்திலும், பாலத்தின் அடியிலும், ஆற்றங்கரையின் கீழ்ப்படிகளிலும் தேங்கி நிற்கும். நீங்கள் நிற்க நினைக்கும் இடமும் பெரும்பாலும் அதுவேதான்.

எரிவாயு அளவி, தீப்பற்றும் கீழ் எல்லையில் (ஆவி தீப்பற்றுவதற்குக் காற்றில் இருக்க வேண்டிய குறைந்த அளவில்) 10 விழுக்காட்டைக் காட்டினால் பேச்சில்லாமல் வெளியேறுங்கள். மூக்கை நம்பாதீர்கள், சில நிமிடங்களில் அது வாசனைக்குப் பழகிவிடும். பெட்ரோலைப் பொறுத்தவரை, மக்களையும் நெருப்பையும் விலக்கிவைத்து, அதை ஆவியாக விட்டுவிடுவதே பல நேரங்களில் சரியான முடிவு. ஒன்றும் செய்யாமல் நிற்பது போலத் தோன்றுவதால், இந்த முடிவை எடுக்கத்தான் புதியவர்கள் மிகவும் தயங்குகிறார்கள்.

எத்தனால் கலந்திருந்தால் அந்தப் பகுதி நீரில் கரைந்துவிடும். எந்தத் தடுப்பும் அதைப் பிடிக்காது. அது சிதையும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்பதால் மீன்கள் ஓரிரு நாள் கழித்து, விபத்து நடந்த இடத்திலிருந்து வெகுதூரத்தில் சாகலாம்.

3. தகவல்: ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு முதலில்

அவசர எண்ணுக்கு அழைத்த அடுத்த நிமிடமே, ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் எடுப்பவர்களை அழைக்க வேண்டும். காரணம் எளிது: ஆறு காத்திருக்காது, நீரேற்று நிலையத்தில் மோட்டாரை நிறுத்தவும், மதகை இறக்கவும், தொட்டிகளை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளவும் அவர்களுக்கு நேரம் வேண்டும்.

நீர் எடுக்கும் குழாய் ஆழத்தில் இருப்பதால் ஆபத்தில்லை என்று சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள். பெட்ரோலிலுள்ள பென்சீன் போன்றவை நீரில் கரையக்கூடியவை. குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இவ்வளவு சிறிய அளவை நீர்ப்பரப்பைப் பார்த்துக் கணிக்க முடியாது.

தகவல் சொல்லும்போது ஐந்து செய்திகள் போதும்: இடம், எரிபொருளின் வகை, கசிந்ததாக மதிப்பிடும் அளவு, கசிவு இன்னும் தொடர்கிறதா என்பது, எண்ணெய் அவர்களிடம் வந்து சேர உத்தேசமாக எத்தனை மணி ஆகும் என்பது. கடைசிச் செய்தியைக் கணக்கிடும் முறை ஆறாம் பகுதியில் உள்ளது. துல்லியமாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காமல், தெரிந்ததைச் சொல்லிவிட்டு அரை மணிக்கொரு முறை திருத்திச் சொல்லுங்கள். ஆற்றில் குளிப்பவர்களையும் துவைப்பவர்களையும் கால்நடைகளை நீருக்கு ஓட்டிவருபவர்களையும் எச்சரிக்க ஒருவரைத் தனியாக நியமியுங்கள்.

4. கசிவை மூலத்திலேயே நிறுத்துதல்

தொட்டியில் நின்றுபோகும் ஒரு லிட்டர், ஆற்றிலிருந்து எடுக்கும் பல லிட்டர்களைவிடப் பெரிது. ஏனென்றால் ஆற்றில் இறங்கியதை முழுவதுமாகத் திரும்ப எடுத்தவர் எவரும் இல்லை. தீயணைப்பு அதிகாரி அருகே செல்ல அனுமதித்த பிறகே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் எஞ்சினை அணைத்து, மின்கல இணைப்பைத் துண்டியுங்கள். ஆவி சூழ்ந்திருக்கும்போது மின்கல முனையைக் கழற்றினால் பொறி பறக்கும். ஆகவே எரிவாயு அளவியைப் பார்த்த பிறகே அதைத் தொட வேண்டும்.

பெரிய லாரிகளில் இரு பக்கமும் இரண்டு எரிபொருள் தொட்டிகள் இருக்கும். பல வண்டிகளில் அவற்றை அடியில் ஒரு குழாய் இணைக்கும். அந்த இணைப்புக் குழாய் அறுந்துவிட்டால், சேதமே இல்லாத தொட்டியும் சேர்ந்து காலியாகும். ஓட்டையை அடைத்த பிறகும் ஏன் ஒழுகுகிறது என்று புரியாமல் நிற்பவர்களைப் பார்த்தால், நான் முதலில் அந்தக் குழாயைத்தான் தேடச் சொல்வேன். அதன் அடைப்பான்களை இரு முனையிலும் மூடுங்கள். அடைப்பான் இல்லையென்றால் குழாயை மடக்கி இறுக்கிக் கட்டுங்கள். குளிர்பதனப் பெட்டி பொருத்திய வண்டியானால், அந்த இயந்திரத்துக்கென்று தனியாக ஒரு டீசல் தொட்டி பெட்டியின் அடியில் இருக்கும். எல்லாரும் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அது பின்னால் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருக்கும்.

சிறு ஓட்டைக்கு மரச் செருகைத் துணி சுற்றி அடியுங்கள். கிழிசலுக்கு அடைப்புக் களிம்பு அப்புங்கள். இரண்டுமே தற்காலிகமானவை என்பதால், அடியில் ஒரு தொட்டியோ வாளியோ இருந்தே ஆக வேண்டும். உலோகப் பரப்பில் எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒட்டுநாடா ஒட்டிப் பயனில்லை.

5. சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவே

எண்ணெய் பெரும்பாலும் சாலையிலிருந்து நேராக ஆற்றில் விழுவதில்லை. மழைநீர் வடிகால், பாலத்தின் வடிகுழாய், சரிவிலுள்ள ஓடைக்கால் ஆகியவற்றின் வழியாகவே இறங்குகிறது. ஆகவே, ஒருவர் வடிகாலின் வெளிவாய் எங்கே திறக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே மண் அணை போட வேண்டும். மற்றொருவர் சாலையிலுள்ள வடிகால் வாய்களைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, மேலே மணல் மூட்டை வைக்க வேண்டும்.

மண் அணையை எண்ணெய்க்கு மிக அருகில் போடாதீர்கள். போட்டு முடிப்பதற்குள் அது நிரம்பி வழியும். சில மீட்டர் தள்ளி, சரிவுக்குக் குறுக்கே, இரு முனையும் மேல்நோக்கி வளைந்த பிறை வடிவில் போட்டால் தேங்கும் இடமும் கிடைக்கும். சாலையைத் தண்ணீர் அடித்துக் கழுவும் வழக்கம் இன்னும் போகவில்லை. தண்ணீர் அடித்தால் சாலையில் கிடந்த எண்ணெயை நீங்களே ஆற்றுக்கு அனுப்பிவைக்கிறீர்கள். மணலோ உறிஞ்சு பொடியோ தூவி, பெருக்கி அள்ளுங்கள்.

6. ஆற்றின் வேகமும் காத்திருக்கும் இடமும்

கரையில் 30 மீட்டர் நீளத்தை அளந்து இரு முனையிலும் அடையாளம் வையுங்கள். பாதிக்கு மேல் நீரில் அமிழ்ந்து மிதக்கும் ஒரு பழத்தையோ ஈரமான மரத்துண்டையோ நடு ஆற்றில் எறிந்து, அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 60 வினாடி ஆனால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். 30 வினாடி ஆனால் 1 மீட்டர். காலிப் பிளாஸ்டிக் புட்டியை எறியாதீர்கள். அது காற்றோடு போகும். மூன்று முறை அளந்து, அதிகமான வேகத்தையே கணக்கில் எடுங்கள். ஏனென்றால் எண்ணெயின் முனை எப்போதும் வேகமான நீரில்தான் பயணிக்கும்.

இப்போது கணக்கு. வினாடிக்கு அரை மீட்டர் என்பது மணிக்கு 1.8 கிலோமீட்டர். விபத்து நடந்து 40 நிமிடம் ஆகிவிட்டது, புதிய இடத்துக்குப் போக 30 நிமிடம் ஆகும், தடுப்பைக் கட்ட 80 நிமிடம் ஆகும் என்றால், மொத்தம் இரண்டரை மணி நேரம். அதற்குள் எண்ணெய் 4.5 கிலோமீட்டர் போயிருக்கும். ஆகவே விபத்திடத்திலிருந்து ஐந்தரை அல்லது ஆறு கிலோமீட்டருக்குக் கீழேதான் உங்கள் முதல் தடுப்பு இருக்க வேண்டும். இந்தத் தூரத்தைச் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இரண்டு கிலோமீட்டரிலேயே ஒரு நல்ல இடம் இருக்கிறதே என்பார்கள். தடுப்பைக் கட்ட ஆகும் நேரத்தை எல்லாரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். எனவே நீங்கள் நினைப்பதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கும் வரிசை இது: நீர் மெதுவாக ஓட வேண்டும், ஆறு ஓரளவு நேராக இருக்க வேண்டும், எண்ணெயைக் குழாயால் இழுத்தெடுக்கும் உறிஞ்சு லாரி கரைவரை வர முடிய வேண்டும், முளை அடிக்க உறுதியான கரை வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்தில் நீர் வேகமாக ஓடும் என்பதால் அங்கே தடுப்பு நிற்காது. காற்று வேகத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு படலத்தின் வேகத்தோடு சேரும். ஆற்றில் அதன் விளைவு பெரும்பாலும் படலத்தை ஒரு கரைப் பக்கமாக ஒதுக்குவதுதான். அந்தக் கரையே, எண்ணெயைத் திரட்டி எடுக்கும் சேகரிப்புக் கரையாக அமைந்தால் வேலை பாதியாகும்.

7. மிதவைத் தடுப்பைச் சாய்த்துக் கட்டுதல்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். ஆற்றுக்குக் குறுக்கே, கரைக்குக் கரை நேராகத் தடுப்பைக் கட்டுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் அது வேலை செய்யாது. தடுப்பின் மீது நேராக மோதும் நீரின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.35 மீட்டரைத் தாண்டினால், எண்ணெய் துளிதுளியாகப் பிய்ந்து தொங்கலின் அடியே போய்விடும். எவ்வளவு விலை உயர்ந்த தடுப்பானாலும் இந்த எல்லை பெரிதாக மாறுவதில்லை.

ஆகவே தடுப்பைச் சாய்த்துக் கட்டி, எண்ணெயை நிறுத்த முயலாமல், அது தடுப்பின் ஓரமாக வழுக்கிக்கொண்டு ஒரு கரையின் அமைதியான நீருக்கு வந்து சேரும்படி செய்ய வேண்டும். நீரோட்டத்தின் திசைக்கும் தடுப்புக்கும் இடையேயான கோணம், வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர் என்றால் 45 டிகிரிக்குள்ளும், 0.7 மீட்டர் என்றால் 30 டிகிரிக்குள்ளும், 1 மீட்டர் என்றால் 20 டிகிரிக்குள்ளும், 1.5 மீட்டர் என்றால் 13 டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும்.

களத்தில் கோணமானி எடுத்து அளக்க யாருக்கும் நேரமிருக்காது. எளிய வழி ஒன்று உண்டு: ஆற்றின் அகலத்தை மீட்டரிலும் வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி, வருவதை மூன்றால் பெருக்குங்கள். 30 மீட்டர் அகலம், 1 மீட்டர் வேகம் என்றால் 90 மீட்டர் தடுப்பு வேண்டும். அந்த நீளம் இரு கரைக்கும் இடையே நேராகப் பொருந்தினால் கோணம் தானாகவே சரியாக இருக்கும். 40 மீட்டர் தடுப்போடு வந்து அதே ஆற்றை மறிக்க முயல்பவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்யாதவர்கள். நீளம் போதவில்லை என்றால், முழு ஆற்றையும் மறிப்பதை விட்டுவிட்டு, நீர் மெதுவாக ஓடும் வேறு இடத்துக்குப் போங்கள். அல்லது குடிநீர் எடுக்கும் வாயை மட்டும் சுற்றிக் காப்பாற்றுங்கள்.

கட்டும் முறை: தடுப்பின் துண்டுகளைச் சேகரிப்புக் கரையில் வைத்தே இணையுங்கள். மேல் முனையின் கயிற்றைப் பாலம் வழியாகவோ படகிலோ எறிகயிற்றாலோ எதிர்க்கரைக்குக் கொண்டுபோய், அங்கே ஆறு வரும் திசையில் மேலே உள்ள இடத்தில் கட்டுங்கள். கீழ் முனை சேகரிப்புக் கரையில் இருக்கும். இழுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அதனால் ஒற்றை முளையை நம்பாமல், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முளைகளை அடித்துப் பிணையுங்கள். அல்லது பெரிய மரத்தின் அடியில் கட்டுங்கள்.

பிறகு வரும் தவறு, தடுப்பைத் தளர்வாக விடுவது. தளர்ந்த தடுப்பு நடுவில் தொப்பை போட்டு வளையும். அந்த வளைவின் அடிப்பகுதி நீரோட்டத்துக்கு நேர்க்குறுக்காக மாறிவிடுவதால் எண்ணெய் அங்கே ஒழுகும். இடையிடையே கரையிலிருந்து இழுகயிறுகள் கட்டி அதை நேராக்குங்கள். தடுப்புக்குச் சில மீட்டர் கீழே எண்ணெய்த் துளிகள் மேலே வந்து பூப்போல விரிந்தால், அடியே போகிறது என்று பொருள். அதே இடத்தில் இரண்டாவது தடுப்பைச் சேர்க்காமல் கோணத்தைக் குறையுங்கள். இரண்டாவது தடுப்பு, தப்பிய எண்ணெய் மீண்டும் மேலே வந்து சேரும் அளவுக்குத் தள்ளி, கீழே இருக்க வேண்டும்.

கரையும் தடுப்பும் சேரும் இடத்தில் உள்ள இடைவெளியை மணல் மூட்டையாலும் பிளாஸ்டிக் விரிப்பாலும் அடையுங்கள். ஆழம் குறைந்த ஓரத்தில் தொங்கல் தரையைத் தொட்டால், நீர் குறுகலான சந்தில் வேகமெடுத்து எண்ணெயை இழுத்துக்கொண்டு போகும். ஆயத்தத் தடுப்பு வரத் தாமதமானால், இரு முனையும் அடைத்துக் காற்று நிரப்பிய தீயணைப்புக் குழாயை மெதுவான நீரில் பயன்படுத்தலாம்.

நீரில் வேலை செய்யும்போது, எல்லாருக்கும் மிதவைச் சட்டை, மேலே வரும் மரக்கட்டைகளைப் பார்க்க ஒருவர், கீழே எறிகயிற்றோடு ஒருவர் என்பது மாறாத விதி. கயிற்றை உடம்பில் கட்டிக்கொண்டு எவரும் இறங்கக் கூடாது. இழுப்பு நீரில் அந்தக் கயிறே ஆளை அமிழ்த்தி வைக்கும்.

8. சிறு ஓடையானால் அடிவழி அணை

தாண்டிக் கடக்கும் அளவுள்ள ஓடையில் மிதவைத் தடுப்பைவிட மண் அணையே மேல். எண்ணெய் மேலே மிதக்கிறது, நீர் அடியில் இருக்கிறது. ஆகவே அணைக்குள் குழாய்களைப் பதித்து, அடிநீரை மட்டும் போகவிட வேண்டும். குழாயின் மேல்பக்க வாய் நீருக்குள் நன்றாக மூழ்கியும், கீழ்ப்பக்க வாய் அதைவிட உயர்ந்தும் இருக்க வேண்டும். இப்படிச் சாய்த்தால்தான் தேங்கிய நீர்மட்டம் குழாய் வாய்க்குக் கீழே இறங்காது. சாய்வை மாற்றி வைத்துவிட்டு, குளம் வற்றி எண்ணெய் மொத்தமும் குழாய் வழியே போன கதைகள் பல.

1 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம், வினாடிக்கு 0.3 மீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 60 லிட்டர் வருகிறது. 150 மில்லிமீட்டர் குழாய் ஒன்று இதற்குப் போதாது, குறைந்தது மூன்று வேண்டும். குழாய் வாயில் சுழி விழுந்தால் எண்ணெயும் உறிஞ்சப்படும். அங்கே ஒரு பலகையைச் செருகினால் சுழி அடங்கும். மழை வரும் என்று தெரிந்தால், அணை உடைவதற்கு முன்பே கூடுதல் குழாய்களைப் பதியுங்கள்.

9. சேர்ந்த எண்ணெயை எடுத்தல்

டீசல் கரையோரம் திரளத் தொடங்கியதும் தாமதிக்காமல் எடுக்க வேண்டும். தடுப்பின் முன் அதிகமாகச் சேர்ந்தாலும் அது அடியே ஒழுகும். கனமாகத் தேங்கியதை உறிஞ்சு லாரியாலோ சவ்வு வகைப் பம்பாலோ எடுங்கள். வேகமாகச் சுழலும் பம்பு எண்ணெயையும் நீரையும் கலக்கிப் பிரிக்க முடியாத குழம்பாக்கிவிடும். பெட்ரோலுக்குச் சாதாரண உறிஞ்சு லாரி கூடவே கூடாது. பொறி பறக்காத வகைக் கருவியும் நிலமின் இணைப்பும் உள்ள குழுதான் அதைத் தொட வேண்டும்.

வானவில் நிறத்தில் மினுங்கும் மெல்லிய படலத்துக்கு உறிஞ்சு விரிப்புகள். இங்கே அளவைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். வானவில் நிறப் படலத்தின் தடிமன் 0.3 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான். 20 மீட்டர் அகல ஆற்றில் 1 கிலோமீட்டர் நீளத்துக்கு அது பரவியிருந்தாலும், அதிலுள்ள எண்ணெய் 6 லிட்டரிலிருந்து 100 லிட்டர் வரையே. பார்க்கப் பயங்கரமாக இருக்கும் இந்தப் படலத்தின் மீது எல்லா விரிப்புகளையும் செலவழித்துவிட்டு, கருத்த நிறத்தில் திரண்டிருக்கும் ஓரத்தைக் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. வானவில் நிறம் போய்க் கருமை கூடக் கூட எண்ணெய் அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

விரிப்புகளை எண்ணிப் போட்டு, எண்ணி எடுங்கள். ஊறிய விரிப்பை நீரிலேயே விட்டால் அது உறிஞ்சியதைத் திரும்பக் கொடுக்கத் தொடங்கும். வைக்கோலும் மரத்தூளும் எளிதாகக் கிடைக்கும்; ஆனால் வலைப்பையில் அடைக்காமல் தூவினால் நீரில் ஊறி மூழ்கி, எண்ணெயையும் அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சோப்புக் கரைசலோ எண்ணெயைச் சிதறடிக்கும் வேதிப்பொருளோ ஆற்றில் வேண்டவே வேண்டாம். படலம் மறையும், கூட்டம் கைதட்டும். எண்ணெய் மட்டும் நுண்துளிகளாக நீருக்குள் இறங்கி, மீனின் செவுளுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் போய்ச் சேரும், அதன் பின் அதை எடுக்க வழியே இருக்காது.

10. மாதிரி எடுத்தல்

பத்தாவதாக எழுதியிருந்தாலும், இதன் முதல் பாதியை எண்ணெய் வந்து சேரும் முன்பே செய்திருக்க வேண்டும். விபத்திடத்துக்கு மேலேயும், குடிநீர் எடுக்கும் இடத்திலும் சுத்தமான நீரின் மாதிரியை எடுத்துவைத்தால்தான் பிறகு எது இந்த லாரியால் வந்தது, எது முன்பே இருந்தது என்று சொல்ல முடியும்.

பழுப்புக் கண்ணாடிப் புட்டியையே பயன்படுத்துங்கள்; பிளாஸ்டிக் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பென்சீன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களுக்கான சிறு புட்டியை, உள்ளே ஒரு காற்றுக்குமிழியும் இல்லாதபடி நிரப்பி மூடுங்கள். சுத்தமான இடத்திலிருந்து தொடங்கி அழுக்கான இடத்தில் முடியுங்கள். 4 டிகிரி அளவில் குளிர்பெட்டியில் வைத்து, இடம், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அப்போதே எழுதி ஒட்டுங்கள்.

11. லாரியைத் தூக்கும் நேரம்

ஆற்றில் எண்ணெய் குறைந்துவிட்டது, எல்லாரும் களைத்துவிட்டார்கள், கிரேன் வந்துவிட்டது. இரண்டாவது கசிவு நடப்பது இந்த நேரத்தில்தான். கவிழ்ந்த நிலையில் மேலே இருந்த ஓட்டை, நிமிர்த்தும்போது கீழே வரும். அடைத்த செருகு பிடுங்கிக்கொள்ளும். எனவே தொட்டிகளில் மிஞ்சியதை முடிந்தவரை வேறு கலத்துக்கு மாற்றிய பிறகே தூக்க வேண்டும். சுமையோடு கவிழ்ந்த டேங்கருக்கு இது இன்னும் கட்டாயம். எஞ்சின் எண்ணெய், குளிர்விப்பு நீர், ஹைட்ராலிக் எண்ணெய் ஆகியவையும் வழியும் என்பதால் வண்டிக்கு அடியில் விரிப்பும், ஆற்றில் தடுப்பும், அவற்றின் அருகே ஆள்களும் இருக்கும்போதுதான் கிரேன் அசைய வேண்டும். தடுப்பைக் கழற்றிவிட்டு லாரியைத் தூக்கிய குழு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அன்று மாலை அவர்கள் ஆறாம் பகுதியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

12. கரை மண்ணும் கழிவும்

எண்ணெய் குடித்த சரிவு மண், பல நாள்களுக்கு ஆற்றில் கசிந்துகொண்டே இருக்கும்; ஒவ்வொரு மழையும் அதைப் புதுப்பிக்கும். அந்த மண்ணை அதிகாரிகளின் ஒப்புதலோடு வெட்டி, பிளாஸ்டிக் விரிப்பின் மீது குவித்து, மேலேயும் மூடுங்கள். கரையோர நாணலில் ஒட்டியதைக் குறைந்த அழுத்த நீரால் தடுப்புக்குள் கழுவிவிடலாம். அதிக அழுத்தம் வேரோடு மண்ணையும் பெயர்த்து, எண்ணெயை மண்ணுக்குள் திணிக்கும். சேற்றில் பலர் மிதித்து நடப்பதும் அதே தீங்கைச் செய்யும். நடக்கப் பலகை போடுங்கள்.

ஊறிய விரிப்பு, மண், எண்ணெய் நீர் ஆகிய மூன்றையும் தனித்தனியாக, இரட்டைப் பையிலோ மூடிய பீப்பாயிலோ போட்டு, எடையை எழுதுங்கள். தொட்டியில் இருந்தது, தொட்டியில் மிஞ்சியது, எடுத்தது ஆகிய மூன்றையும் வைத்துத்தான் எவ்வளவு ஆற்றில் போனது என்று கணக்கிட முடியும். வழக்கமான குப்பை வண்டியில் இவற்றை ஏற்றக் கூடாது.

13. எப்போது நிறுத்துவது

நீரில் மினுக்கம் தெரிந்தாலே எண்ணெய் என்று முடிவு செய்யாதீர்கள். தேங்கிய ஓரங்களில் இரும்பை உண்ணும் நுண்ணுயிரிகளும் இதே போன்ற படலத்தை உண்டாக்கும். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள்: கண்ணாடிச் சில்லு போல உடைந்து, உடைந்தபடியே நின்றால் அது நுண்ணுயிரிப் படலம், சுழன்று மீண்டும் ஒன்று சேர்ந்தால் எண்ணெய்.

கசிவு நின்று, மண் அகற்றப்பட்டு, தொடர்ந்து சில நாள் புதிய படலம் வராமல், மாதிரி முடிவுகளும் குடிநீர்த் துறைக்கு ஏற்புடையதாக இருந்தால், அதிகாரிகள் வேலையை முடிக்கச் சொல்வார்கள். அதன் பிறகும் எண்ணெயை உறிஞ்சும் மிதவைத் தடுப்பு ஒன்றை விபத்திடத்துக்குச் சற்றுக் கீழே விட்டுவைத்து, அடுத்த பெருமழைக்குப் பின் போய்ப் பாருங்கள். பெரிய தடுப்பைக் கழற்றும்போது மேல் முனையை அவிழ்த்து ஆற்றோடு விட்டுவிடாமல், கயிற்றால் சேகரிப்புக் கரைக்கு இழுத்து வாருங்கள். அப்போது உள்ளே மிஞ்சிய படலம் வளைந்த தடுப்புக்குள் கரையோரமாகச் சிக்கிக்கொள்ளும். கடைசி விரிப்புகளை அதற்கென்று மிச்சம் வைத்திருங்கள்.